ஒரே கணிப்பொறியில் பல பைத்தான்கள்

7-ஐ 2-ஆல் வகுத்தால் என்ன விடை வரும்?

"இது என்ன கேள்வி? மூன்றரை!" என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். கணிப்பொறியைக் கேட்டாலும் அதே விடைதானே வர வேண்டும்? ஆனால் ஒரு விந்தையைப் பாருங்கள். கணிப்பொறி ஒன்றுதான், அதில் எழுதும் மொழியும் ஒன்றுதான், பைத்தான். அந்த மொழியில் 7/2 என்று எழுதி ஒரு முறை கேட்கிறோம். 3 என்று விடை வருகிறது. எழுதியதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் இன்னொரு முறை கேட்கிறோம். இப்போது 3.5 என்று வருகிறது!

கணிப்பொறி பழுதாகிவிட்டதா? இல்லை. முதல் முறை விடை சொன்னது பைத்தான் மொழியின் 2-ஆம் பதிப்பு. அடுத்த முறை விடை சொன்னது 3-ஆம் பதிப்பு. இரண்டும் அந்த ஒரே கணிப்பொறியில் அருகருகே குடியிருக்கின்றன.

ஒரு மொழிக்கு எதற்காக இரண்டு பதிப்புகள்? புதியது வந்த பிறகு பழையதை ஏன் எடுத்து எறிந்துவிடவில்லை? இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் ஒரே இயந்திரத்தில் எப்படி வாழ்கின்றன? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

துபாஷி என்ன செய்கிறது?

கணிப்பொறியின் செயலிக்குத் தெரிந்தவை 0, 1 என்னும் இரண்டு குறிகளால் ஆன கட்டளைகள் மட்டுமே. அந்தக் கட்டளைகளை மனிதர்கள் எழுதுவது கடினம். ஆகவே நமக்கு எளிதாக விளங்கும் சொற்களைக் கொண்டு பைத்தான் போன்ற மொழிகளை உருவாக்கினார்கள். ஆனால் நாம் பைத்தானில் எழுதியது செயலிக்கு எப்படிப் புரியும்? நாம் எழுதிய நிரலைப் படித்து, அதன் பொருளை அறிந்து, அதன்படி செயலியை வேலை வாங்குவதற்கு இடையில் ஒருவர் தேவை. இவ்வேலையைச் செய்வதற்கு இன்டர்பிரட்டர் என்று பெயர்.

முற்காலத்தில் ஐரோப்பிய வணிகர்களுக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் நடுவே நின்று, ஒருவர் பேச்சை மற்றவருக்கு விளக்கிச் சொன்னவர்களைத் துபாஷி என்று அழைத்தார்கள் அல்லவா? இன்டர்பிரட்டர் செய்வதும் அந்த வேலையைத்தான். ஆகவே நாமும் அதைத் துபாஷி என்றே அழைப்போம்.

இங்கே ஒன்றை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துபாஷி தனியான ஓர் இயந்திரம் அன்று. அதுவும் ஒரு நிரல்தான். மற்ற நிரல்களைப் போலவே அதுவும் வட்டில் ஒரு கோப்பாகக் கிடக்கிறது. அழைத்தால் எழுந்து வந்து வேலை செய்கிறது. பைத்தான் 2 என்பது ஒரு துபாஷி. பைத்தான் 3 என்பது வேறொரு துபாஷி. ஒரே வாக்கியத்துக்கு இருவரும் சில இடங்களில் வெவ்வேறு பொருள் சொல்கிறார்கள். 7/2 விஷயத்தில் நடந்தது இதுதான்.

பைத்தான் பிறந்த கதை

நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் கணிதத்துக்கும் கணிப்பொறியியலுக்குமான தேசிய ஆய்வு நிலையம் ஒன்று உள்ளது. அங்கே பணியாற்றிய கீடோ வான் ராசம் என்பவர் 1989-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு புதிய மொழியை உருவாக்கத் தொடங்கினார். படிப்பதற்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். 1991-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அம்மொழி வெளியாயிற்று.

பைத்தான் என்றதும் மலைப்பாம்பு நினைவுக்கு வருகிறதா? பெயர் பாம்பிலிருந்து வரவில்லை. மான்டி பைத்தான் என்னும் நகைச்சுவைக் குழுவினர் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் நடத்திய நிகழ்ச்சியின் பெயரிலிருந்தே அவர் அதை எடுத்துக்கொண்டார்.

2000-ஆம் ஆண்டு அக்டோபரில் பைத்தான் 2.0 வெளிவந்தது. ஆய்வுக்கூடங்கள், வங்கிகள், இணையத் தளங்கள் என்று எல்லா இடங்களிலும் அது பரவியது. பரவப் பரவ, அதன் அடித்தளத்தில் இருந்த சில குறைகளும் தெரியத் தொடங்கின. மேற்பூச்சால் அவற்றை மறைக்க முடியாது. அடித்தளத்தையே மாற்ற வேண்டும். அப்படி மாற்றி 2008-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் வெளியிடப்பட்டதுதான் பைத்தான் 3.0.

எதை மாற்றினார்கள்?

முதலில் வகுத்தலைப் பார்ப்போம். சி மொழியைப் போலவே பைத்தான் 2-லும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்ணே விடையாக வரும். பின்னப் பகுதி விடுபட்டுப் போகும். ஆகவேதான் 7/2 என்பதற்கு 3 என்றது. கணக்குப் பாடம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது குழப்பத்தைத் தந்தது. பைத்தான் 3-இல் '/' என்றால் உண்மையான வகுத்தல், விடை 3.5. முழு ஈவு மட்டும் வேண்டுமென்றால் '//' என்று இரட்டைக் கோடு போட வேண்டும். 7//2 என்றால் 3.

இரண்டாவது மாற்றம் எழுத்துகளைப் பற்றியது. இது தமிழ் எழுதும் நமக்கு மிகவும் நெருக்கமானது. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? த, மி, ழ் என்று 3 எழுத்துகள். யூனிகோடு முறையில் எழுதப்பட்ட இச்சொல்லின் நீளம் என்ன என்று பைத்தான் 2-ஐக் கேட்டால் 15 என்று சொல்லும்! பைத்தான் 3-ஐக் கேட்டால் 5 என்று சொல்லும்.

15 எங்கிருந்து வந்தது? கணிப்பொறி எழுத்துகளை பைட் என்னும் சிறு பெட்டிகளில் போட்டு வைக்கிறது. ஒரு பைட்டில் 256 வேறுபட்ட மதிப்புகளில் ஒன்றைத்தான் வைக்க முடியும். ஆங்கிலத்துக்கு அது தாராளமாகப் போதும். உலகின் எல்லா மொழிகளுக்கும் அது போதாது. ஆகவே யூனிகோடில் பெரிதும் வழங்கும் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் செலவாகின்றன. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று இச்சொல்லில் 5 குறிகள் உள்ளன. ஐந்தை மூன்றால் பெருக்கினால் 15.

பைத்தான் 2 பெட்டிகளை எண்ணியது. பைத்தான் 3 குறிகளை எண்ணுகிறது. யூனிகோடு எழுத்துகளுக்கென்று ஒரு தனி வகை பைத்தான் 2-லும் இருந்தது உண்மைதான். ஆனால் வேண்டிய இடத்திலெல்லாம் அதை நினைவாகக் குறித்தாக வேண்டும். மறந்துவிட்டு 'தமிழ்' என்ற சொல்லின் முதல் எழுத்தைக் கேட்டால், 'த' வராது; அதன் மூன்றில் ஒரு துண்டுதான் வரும். அதைத் திரையில் காட்டினால் வெறும் கிறுக்கல். பைத்தான் 3-இல் எழுத்து வேறு, பைட் வேறு என்று தெளிவாகப் பிரித்துவிட்டார்கள். மாறிகளின் பெயரைத் தமிழிலேயே எழுதும் வசதியும் அதில் உண்டு.

மூன்றாவது மாற்றம் சிறியது. திரையில் எதையாவது அச்சிடுவதற்கு 'பிரிண்ட்' என்று ஒரு கட்டளை உண்டு. பைத்தான் 2-இல் அச்சிட வேண்டியதை அதன் பக்கத்தில் அப்படியே எழுதினால் போதும். பைத்தான் 3-இல் அடைப்புக்குறிக்குள் எழுதியே ஆக வேண்டும்.

சத்தம் போடும் பிழை, சத்தமில்லாப் பிழை

பழைய நிரல் ஒன்றைப் புதிய துபாஷியிடம் கொடுத்தால் என்ன ஆகும்? அடைப்புக்குறி இல்லாத 'பிரிண்ட்' வரியைக் கண்டதுமே அது "இது தவறு" என்று சொல்லி நின்றுவிடும். ஒரு வேலையும் நடக்காது. தொல்லைதான், ஆனால் தவறு எங்கே என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. இது சத்தம் போடும் பிழை.

இதைவிட ஆபத்தானது சத்தமில்லாப் பிழை. ஒரு போட்டித் தேர்வில் இரண்டு தாள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் சேர்த்து ஒரு மாணவி 179 மதிப்பெண்ணும், ஒரு மாணவன் 178 மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறார்கள். கூட்டுத்தொகையை 2-ஆல் வகுத்துச் சராசரி கண்டு, தரவரிசை போடும் நிரல் ஒன்று இருக்கிறது. பைத்தான் 3-இல் மாணவியின் சராசரி 89.5, மாணவனுடையது 89. மாணவி முன்னே நிற்பாள். அதே நிரல் பைத்தான் 2-இல் ஓடினால் இருவருக்கும் 89! இருவரும் சமம் என்று நிரல் சொல்லும். எந்த எச்சரிக்கையும் வராது. நிரல் நன்றாக ஓடி முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் ஒரு மாணவிக்குச் சேர வேண்டிய இடம் கைநழுவிப் போயிருக்கும்.

இன்னொன்று: 2.5 என்ற எண்ணை அருகிலுள்ள முழு எண்ணாக்கச் சொன்னால் பைத்தான் 2 அதை 3 என்று ஆக்கும். பைத்தான் 3 அதை 2 என்று ஆக்கும். சரிபாதியில் நிற்கும் எண்ணை எப்போதும் மேலே தள்ளிக்கொண்டே போனால் பெரிய கூட்டல்களில் விடை சிறிது சிறிதாக வீங்கிவிடும். அதைத் தவிர்ப்பதற்காக, பாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டு செல்லும் முறையைப் பைத்தான் 3 பின்பற்றுகிறது. முறை நல்லதுதான். ஆனால் பழைய முறையை நம்பி எழுதிய நிரல் இப்போது வேறு விடை தரும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. ஒரு நிரல் தன்னந்தனியாகப் பொருள் உடையது அன்று. நிரலும், அது எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டதோ அந்தத் துபாஷியும் சேர்ந்தால்தான் பொருள் முழுமையாகும்.

பழையதை ஏன் எறியவில்லை?

"எல்லா நிரல்களையும் திருத்தி எழுதிவிட்டால் போயிற்று!" என்று தோன்றுகிறதா? உலகெங்கும் எழுதிக் குவித்திருந்த பைத்தான் 2 நிரல்கள் கொஞ்ச நஞ்சமல்ல. தாமாகவே திருத்தித் தரும் ஒரு கருவியையும் பைத்தான் குழுவினர் கொடுத்தார்கள். 'பிரிண்ட்' போன்ற சிறு மாற்றங்களை அது செய்துவிடும். ஆனால் ஒரு வகுத்தலில் எழுதியவர் எதிர்பார்த்தது முழு ஈவா, பின்னமா என்பதை எந்தக் கருவி கண்டுபிடிக்கும்? எழுதியவரின் எண்ணத்தை அறிந்தால்தான் முடியும்.

இன்னொரு தடையும் இருந்தது. எவரும் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதி வைத்த துணைத் தொகுப்புகளை எடுத்துப் பயன்படுத்துவார்கள். நம் நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டுமானால், முதலில் அத்தொகுப்புகள் மாற வேண்டும். அவை சார்ந்திருக்கும் தொகுப்புகள் அதற்கும் முன்பே மாற வேண்டும். அறிவியல் கணக்கீடுகளுக்கான 'நம்பை' தொகுப்பு 2010-இல்தான் பைத்தான் 3-க்கு வந்தது. இணையத் தளங்கள் அமைக்க உதவும் 'ஜாங்கோ' 2013-இல் வந்தது. அதுவரை அவற்றை நம்பியிருந்தவர்கள் நகர முடியாமல் காத்திருந்தார்கள்.

பைத்தான் 2-இன் கடைசி வரிசையான 2.7, 2010-ஆம் ஆண்டு வெளிவந்தது. 2015-உடன் அதற்கு விடை கொடுத்துவிடலாம் என்று முதலில் நினைத்தார்கள். முடியவில்லை. 2020 வரை தவணையை நீட்டினார்கள். 2020-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாளுடன் அதன் பராமரிப்பு முடிவுக்கு வந்தது. அதுவரை சேர்ந்திருந்த திருத்தங்களுடன் ஏப்ரலில் கடைசி வெளியீடு வந்தது. பைத்தான் 3 பிறந்த பிறகு 11 ஆண்டுகளுக்கு மேல் இரண்டும் சேர்ந்தே வாழ்ந்திருக்கின்றன! அவ்வளவு காலமும் பலருடைய கணிப்பொறிகளில் இரண்டு துபாஷிகளும் வேண்டியிருந்தன.

இரண்டும் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன?

துபாஷி வட்டில் கிடக்கும் ஒரு கோப்பு என்று பார்த்தோம். கோப்புகளுக்கு ஒரு விதி உண்டு. ஒரே கோப்புறைக்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கக் கூடாது. பெயரோ இடமோ வேறாக இருந்தால் எத்தனை கோப்புகள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே ஒரு துபாஷிக்கு பைத்தான்2.7 என்றும், மற்றொன்றுக்கு பைத்தான்3.8 என்றும் பெயர் வைத்தால் சண்டை தீர்ந்தது. அவை பயன்படுத்தும் துணைத் தொகுப்புகளையும் பதிப்பு எண்ணைத் தாங்கிய தனித்தனிக் கோப்புறைகளில் வைத்துவிடுகிறார்கள்.

இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினாலும் தொல்லை இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் நினைவகத்தில் தனித்தனிப் பகுதியை இயங்குதளம் ஒதுக்கித் தருகிறது. ஒன்றின் பகுதிக்குள் மற்றொன்று கை வைக்க முடியாது.

அப்படியானால் சிக்கல் எங்கே வருகிறது? பெயரில்தான் வருகிறது. பதிப்பு எண்ணைச் சொல்லாமல் வெறுமனே 'பைத்தான்' என்று தட்டினால் யார் வருவார்?

கணிப்பொறியில் ஒரு பட்டியல் உண்டு. நிரல்களைத் தேட வேண்டிய கோப்புறைகளின் பெயர்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். இதைப் பாதைப் பட்டியல் எனலாம். நீங்கள் ஒரு பெயரைத் தட்டியதும், பட்டியலின் முதல் கோப்புறையில் அந்தப் பெயர் உள்ளதா என்று கணிப்பொறி பார்க்கிறது. இல்லையென்றால் இரண்டாவது. அதிலும் இல்லையென்றால் மூன்றாவது. கண்டவுடன் தேடலை நிறுத்திவிட்டு அதையே ஓட்டுகிறது.

ஒரு தெருவில் இரண்டு முருகேசன்கள் இருக்கிறார்கள். கதவு எண் இல்லாமல் "முருகேசன்" என்று மட்டும் முகவரி எழுதிய கடிதம் வருகிறது. புதிதாக வந்த தபால்காரர் தெருமுனையிலிருந்து ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டு வருகிறார். முதலில் வரும் முருகேசன் வீட்டிலேயே கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். அடுத்த முருகேசன் இருப்பதே அவருக்குத் தெரியாது! பாதைப் பட்டியலில் நடப்பதும் இதுவே. பட்டியலின் வரிசையை மாற்றினால் அதே பெயருக்கு வேறு துபாஷி வந்து நிற்கும்.

கதவு எண்ணையும் சேர்த்து எழுதுவது போல, நிரலின் முதல் வரியிலேயே தனக்கு எந்தத் துபாஷி வேண்டும் என்று எழுதி வைக்கும் முறை ஒன்றும் உண்டு. அவ்வரி '#!' என்ற இரண்டு குறிகளுடன் தொடங்கும். அதை அடுத்துத் துபாஷியின் இடம் எழுதப்பட்டிருக்கும். இயங்குதளம் அவ்வரியைப் படித்து, உரிய துபாஷியை அழைத்து, நிரலை அதன் கையில் கொடுக்கும். யூனிக்ஸ் இயங்குதளத்தில் இந்த ஏற்பாட்டை 1980-இல் கொண்டு வந்தவர், சி மொழியைப் படைத்த டென்னிஸ் ரிட்சி. லினக்ஸ் கணிப்பொறிகளில் இன்றும் இது வழக்கத்தில் உள்ளது. விண்டோஸில் 2012-ஆம் ஆண்டு வந்த பைத்தான் 3.3 முதல், இம்முதல் வரியைப் படித்து உரிய பதிப்பை அழைக்கும் ஒரு சிறு நிரலும் பைத்தானுடன் சேர்ந்தே வருகிறது.

பெயரை மாற்றியதால் வந்த வினை

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் நாணய முறை மாறியது. அதற்கு முன் ஒரு ரூபாய்க்கு 64 பைசா; அதன் பின் 100 பைசா. பழைய காசும் புதிய காசும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கின. வெறுமனே 'பைசா' என்றால் குழப்பம் வரும் அல்லவா? ஆகவே புதியதை 'நயா பைசா', அதாவது புதிய பைசா, என்று அழைத்தார்கள். மக்களுக்குப் பழகிய பின், 1964-இல் 'நயா' என்ற சொல்லை நீக்கினார்கள்.

பைத்தானுக்கும் இதே கேள்வி எழுந்தது. 'பைத்தான்' என்ற வெறும் பெயர் பழையதற்கா, புதியதற்கா? 2010-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆர்ச் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தினர் அந்தப் பெயரைப் பைத்தான் 3-க்குக் கொடுத்துவிட்டார்கள். முதல் வரியில் வெறும் 'பைத்தான்' என்று எழுதியிருந்த பழைய நிரல்கள் புதிய துபாஷியிடம் போய் நின்று தடுமாறின. இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்க, பைத்தான் குழுவினர் 2011-இல் ஒரு பரிந்துரையை எழுதினார்கள். பைத்தான்2 என்றோ பைத்தான்3 என்றோ எண்ணைச் சேர்த்தே நிரலில் எழுதுங்கள் என்பதே அதன் சாரம். 'நயா பைசா' போன்ற ஏற்பாடுதான் இது.

இன்னொரு பாடத்தைப் பலர் தாங்களே பட்டுத் தெரிந்துகொண்டார்கள். ரெட் ஹாட் லினக்ஸ் 7, சென்ட் ஓஎஸ் 7 ஆகிய இயங்குதளங்கள் 2014-இல் வந்தன. அவற்றில் புதிய மென்பொருள்களை நிறுவித் தரும் 'யம்' என்ற கருவி பைத்தான் 2-இல் எழுதப்பட்டது. பைத்தான் 3-ஐ நிறுவியவர்களில் சிலர், 'பைத்தான்' என்ற பெயரையும் அதற்கே திருப்பிவிட்டார்கள். அவ்வளவுதான், 'யம்' நின்றுவிட்டது! வீட்டுக்காரர் மட்டுமே பயன்படுத்துகிறார் என்று நினைத்து ஒரு குழாயை அடைத்தால், கண்ணுக்குத் தெரியாமல் அதே குழாயில் நீர் பெற்ற மற்றவர்களும் தவிப்பார்கள் அல்லவா?

2019-இல் வந்த ரெட் ஹாட் 8-ஆம் பதிப்பில் இதற்கு வழி கண்டார்கள். இயங்குதளத்தின் சொந்த வேலைகளுக்கென்று ஒரு பைத்தானைத் தனி இடத்தில் ஒதுக்கி வைத்தார்கள். பயன்படுத்துவோர் தமக்கு வேண்டிய பதிப்பைத் தனியாக நிறுவிக்கொள்ளலாம். இயங்குதளத்தின் பைத்தானைத் தொடாதே என்பது இன்று எல்லோரும் சொல்லும் முதல் விதி.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி அறை

துபாஷிகளைப் பிரித்தாயிற்று. துணைத் தொகுப்புகளுக்கும் பதிப்புகள் உண்டே! உங்களுடைய ஒரு நிரலுக்கு ஒரு தொகுப்பின் பழைய பதிப்பு வேண்டும். இன்னொரு நிரலுக்கு அதே தொகுப்பின் புதிய பதிப்பு வேண்டும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்க முடியாது.

இதற்காக ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி அறையை அமைத்துக்கொள்ளும் முறை 2007-இல் உருவாயிற்று. 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதல் இவ்வசதி மொழியுடனேயே சேர்ந்து வருகிறது. அறை என்பது உண்மையில் ஒரு கோப்புறைதான். அதற்குள் துபாஷிக்குச் சுட்டும் ஒரு சிறு இணைப்பும், தொகுப்புகளை வைக்கும் ஒரு தனி அலமாரியும் இருக்கும். அறைக்குள் நுழைவது எப்படி? அந்தக் கோப்புறையின் பெயரைப் பாதைப் பட்டியலின் தலைப்பில் சேர்ப்பதுதான் நுழைவது! நாம் மேலே பார்த்த அதே தபால்காரர் தத்துவம். வேலை முடிந்ததும் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டால் வெளியே வந்ததாகும். அறை வேண்டாமென்றால் கோப்புறையை அழித்துவிடலாம். மற்ற அறைகளுக்கு ஒரு கேடும் இல்லை. இவ்வகை அறை தொகுப்புகளை மட்டுமே பிரிக்கும். வேறு பதிப்புத் துபாஷி வேண்டுமென்றால் அதைத் தனியாகத்தான் நிறுவ வேண்டும்.

பல துபாஷிகளை நிறுவி, இடத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரும் 'பைஎன்வ்' என்ற கருவியும் உண்டு. அது பாதைப் பட்டியலின் முதல் இடத்தில் 'பைத்தான்' என்ற பெயரில் ஒரு வாயிற்காவலரை நிறுத்திவிடுகிறது. நீங்கள் எந்தக் கோப்புறையில் வேலை செய்கிறீர்களோ, அங்கே பதிப்பு எண் எழுதிய சிறு கோப்பு இருக்கிறதா என்று காவலர் பார்ப்பார். இல்லையென்றால் அதற்கு மேலுள்ள கோப்புறையில் பார்ப்பார். கண்ட எண்ணுக்குரிய துபாஷியிடம் உங்களை அனுப்பி வைப்பார்.

பழையதை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பைத்தான் 2-இன் காலம் முடிந்துவிட்டதே, இனி இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். பைத்தான் 3-க்குள்ளும் பதிப்புகள் பிறந்துகொண்டேதான் இருக்கின்றன. 2020-இல் வந்த 3.9 முதல், ஆண்டுக்கு ஒன்றாக அக்டோபர் மாதத்தில் புதிய பதிப்பு வெளியாகிறது. ஒவ்வொன்றுக்கும் சுமார் 5 ஆண்டுகள் பராமரிப்பு உண்டு. 2024-இல் வந்த 3.13-இல் பழைய துணைத் தொகுப்புகள் 19 நீக்கப்பட்டன. அவற்றை நம்பிய நிரல்கள் அதில் ஓடமாட்டா.

பதிப்பு எண்ணிலும் ஒரு வேடிக்கை நடந்தது. 2021-இல் பைத்தான் 3.10 வந்தது. கணக்கில் 3.10 என்றால் 3.1-க்குச் சமம். பதிப்பு எண்ணில் அப்படி அன்று, 3.9-க்கு அடுத்தது 3.10. புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தை மட்டும் படிக்கும்படி எழுதப்பட்டிருந்த நிரல்கள், 3.10-ஐ 3.1 என்று நினைத்துப் பின்னோக்கிப் போய்விட்டன!

பழைய துபாஷியை விரும்பும் வரை வைத்திருக்கலாம். அது தானாக மறைந்துவிடாது. ஆனால் அதில் பாதுகாப்புக் குறை ஏதேனும் தெரிய வந்தால், அதைப் பைத்தான் குழுவினர் அடைத்துத் தரமாட்டார்கள். திருடனுக்குத் தெரிந்த ஓட்டையுள்ள கதவைப் போல அது ஆகிவிடும். ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணிப்பொறிகளுடன் நெடுநாள் கொடுத்துவந்த பைத்தான் 2.7-ஐ 2022-இல் நீக்கிவிட்டது. ஆகவே பழையதும் புதியதும் சேர்ந்து வாழ்வது, நிரல்களைப் பொறுமையாகச் சோதித்துத் திருத்திக் கொண்டுபோவதற்கான அவகாசம். நிலையான குடியிருப்பு அன்று.

நீங்களும் செய்து பாருங்கள்

தமிழ்நாட்டில் 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் இடம்பெற்றுள்ளது. உங்கள் பள்ளியின் கணிப்பொறியில் பைத்தான் இருந்தால், அதனிடம் 7/2 என்று கேளுங்கள். 3.5 என்று வந்தால் பைத்தான் 3. 3 என்று வந்தால் பழைய பைத்தான் 2. துபாஷி யார் என்று அதன் பேச்சைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்!

அடுத்து -7//2 என்று கேளுங்கள். அதற்கு முன் உங்கள் விடையைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பலர் -3 என்று எழுதுவார்கள். கணிப்பொறி -4 என்று சொல்லும். '//' எப்போதும் எண்கோட்டில் இடப்பக்கம், அதாவது சிறிய எண்ணை நோக்கியே இறங்கும். -3.5-க்கு இடப்பக்கம் இருப்பது -4 அல்லவா? இதில் 2-ஆம் பதிப்பும் 3-ஆம் பதிப்பும் ஒரே குரலில் பேசும்.

பிறகு 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். 5 என்று வரும். நம் கணக்குப்படி 3 எழுத்து. உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எண்ணும்படி ஒரு நிரல் எழுத முடியுமா என்று முயன்று பாருங்கள்.

எழுதி முடித்ததும் நிரலின் தொடக்கத்தில் உங்கள் பெயரையும் நாளையும் குறிப்பீர்கள். எந்தப் பதிப்புக்காக எழுதினீர்கள் என்பதையும் அதன் கீழே குறித்து வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து அந்த நிரலைத் திறப்பவர் யாராக இருந்தாலும், எந்தத் துபாஷியைக் கூப்பிட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.